எக்ஸைல்: நாடு கடத்தப்பட்டவரா, நாடு மறுக்கப்பட்டவரா?

சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜனநாயகவாதி வெய் ஜிங்ஷெங் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், அவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் எக்ஸைல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நாம் வழக்கமாக 'நாடு கடத்தப்பட்டவர்' என்கிறோம். அது அவருக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல முதலில் அவர் கதைக்குப் போக வேண்டும்.

வெய் 1950-ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அங்குள்ள உயிரியல் பூங்காவில் எலக்ட்ரீஷியன் வேலை. 1978 இறுதியில் பெய்ஜிங்கின் ஷிதான் பகுதியில் ஒரு நீளமான சுவரில் மக்கள் தங்கள் மனக்குறைகளை எழுதி ஒட்டத் தொடங்கினார்கள். ஜனநாயகச் சுவர் என்று அதற்குப் பெயர் வந்தது. விவசாயம், தொழில், பாதுகாப்பு, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய நான்கையும் நவீனமாக்குவோம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஐந்தாவதாக ஜனநாயகம் வேண்டும், அது இல்லாமல் மற்ற நான்கும் வெறும் பேச்சுதான் என்று வெய் எழுதி அந்தச் சுவரில் ஒட்டினார். கீழே சொந்தப் பெயரையும் போட்டார். அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

1979 மார்ச்சில், சீனாவின் தலைவர் டெங் ஷியாவோபிங் புதிய சர்வாதிகாரியாக மாறிவருகிறார் என்று எழுதினார். சில நாட்களில் கைது. 15 ஆண்டு தண்டனை. 1993 செப்டம்பரில், பெய்ஜிங்கும் கேட்டிருந்த 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை எந்த நகரத்துக்குத் தருவது என்ற வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில், தண்டனை முடியச் சில மாதங்களுக்கு முன்பே விட்டார்கள். ஒலிம்பிக் சிட்னிக்குப் போனது. 1994-ல் மறுபடியும் பிடித்தார்கள். 1995 டிசம்பரில் இன்னொரு 14 ஆண்டு.

அப்புறம் 1997 நவம்பர் 16. சிறையிலிருந்து எடுத்து அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு விமானம் ஏற்றினார்கள். நாடு கடத்துகிறோம் என்று அரசு சொல்லவில்லை. அது பயன்படுத்திய சொல் 'பாவொவாய் ஜியூயி'. பிணையில் வெளியே போய் மருத்துவம் பார்த்துக்கொள்வது என்று பொருள். அடுத்த ஆண்டு, 1989 தியானன்மென் சதுக்கப் போராட்டத்தின் மாணவர் தலைவர் வாங் டானையும் இதே பெயரில்தான் அனுப்பினார்கள். தாளில் அது சிகிச்சை. உண்மையில் திரும்பி வர வழியில்லாத பயணம்.

எக்ஸைல் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அதன் முன்னொட்டு 'எக்ஸ்', வெளியே என்று பொருள்படும். ரோமானியச் சட்டத்தில் இதையொட்டி ஒரு தண்டனை இருந்தது: ஒருவனுக்குத் தண்ணீரும் நெருப்பும் மறுப்பது. அவனுக்கு யாரும் அவற்றைத் தரக் கூடாது. அதற்கு மேல் அவன் அந்த மண்ணில் எப்படி வாழ்வான்? நம் ஊர்களில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் குடிதண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், அடுப்புக்கு நெருப்பும் கொடுக்கமாட்டார்கள். இரண்டிலும் அடிநாதம் மறுப்புதான்.

சீன மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. 'லியூஃபாங்' என்பது அரசு ஒருவரைத் தொலைதூரத்துக்கு விரட்டுவது. தாங் வம்சச் சட்டத்தில் மரண தண்டனைக்கு அடுத்த படியில் இருந்தது இந்த விரட்டல். குற்றத்தைப் பொறுத்து 2,000, 2,500, 3,000 லி என்று தூரம் வைத்திருந்தார்கள். லி என்பது அவர்களுடைய பழைய தூர அளவு. மற்றது 'லியூவாங்'. லியூ என்றால் ஓடும் நீர். வாங் என்றால் தப்பியோடுவது, தொலைந்துபோவது, அழிந்துபோவது. இன்று வெளிநாட்டில் வாழும் ஜனநாயகவாதிகளைக் குறிக்கும் சொல் இதுதான்.

இனி தமிழுக்கு வருவோம். 'கட' என்பதிலிருந்து 'கடத்து', கடக்கச் செய்வது. நல்ல வேர்ச்சொல்தான். ஆனால் அதன் மேல் சுமை ஏறிவிட்டது. தங்கம் கடத்தல், ஆள் கடத்தல் என்றும் சொல்கிறோம். விசா இல்லாமல் தங்கியவர்களைத் திருப்பி அனுப்பினாலும் நாடு கடத்தல். தேடப்படும் குற்றவாளியை இன்னொரு நாட்டிடம் ஒப்படைத்தாலும் நாடு கடத்தல். சொந்த நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் சொந்த நாட்டை விட்டு வெளியேற்றுவதற்கும் ஒரே சொல் என்றால் குழப்பம் வராமல் இருக்குமா? வாங் பிங்ஜாங் என்ற ஜனநாயகவாதி வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 2002-ல் வியட்நாமில் இருந்தபோது அவரைக் கடத்திச் சீனாவுக்குள் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு ஆயுள் தண்டனை. அவரை நாடு கடத்தப்பட்டவர் என்று எழுதினால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்?

'புலம்பெயர்ந்தவர்' அழகான சொல். பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள்' புகாரில் கலந்து இனிது உறைகிறார்கள். அவர்கள் விரும்பி வந்து தங்கியவர்கள். 'அகதி' என்பது புகலிடம் தேடி நிற்கும் நிலை. 'தேசப்பிரஷ்டம்' பழைய உரைநடையோடு போயிற்று. விழுந்தவன், கெட்டவன் என்ற இழிபொருள் அதில் ஒட்டியிருப்பதால் திரும்பக் கொண்டுவரவும் வேண்டாம். 'வனவாசம்' என்று எழுதலாமே என்றால், இராமனுக்கு 14 ஆண்டு முடிந்ததும் அயோத்தி காத்திருந்தது.

என்னை முடிவெடுக்க வைத்தவர் உவெர் கைஷி. தியானன்மென் போராட்டத்துக்குப் பின் 1989-ல் அரசு வெளியிட்ட, தேடப்படும் 21 மாணவர்கள் பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையது. தப்பி வெளியேறியவர் என்பதால் அவரை யாரும் கடத்தவில்லை. பல ஆண்டுகளாகத் தைவானில் வாழ்கிறார். 2009-ல் சீன ஆட்சியின் கீழ் உள்ள மக்காவ் நகருக்குப் போய், என்னைக் கைது செய்யுங்கள் என்றார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2010-ல் டோக்கியோ சீனத் தூதரகத்தில், 2012-ல் வாஷிங்டன் சீனத் தூதரகத்தில், 2013-ல் ஹாங்காங்கில் மீண்டும் முயன்றார். சிறைக்குப் போயாவது வயதான பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு. அந்தச் சிறைக் கதவைக்கூட அவருக்குத் திறக்கவில்லை.

அவர் எல்லையைக் கடந்தது அவர் கதையில் ஒரே ஒரு இரவு. திரும்ப முடியாமல் இருப்பது ஆண்டுக்கணக்காக. கடந்தவர், கடத்தப்பட்டவர் ஆகிய இரண்டு சொற்களும் அந்த ஒரு இரவைத்தான் சொல்கின்றன. அதனால் எக்ஸைலுக்கு நான் 'நாடு மறுப்பு' என்றும், அந்த மனிதருக்கு 'நாடு மறுக்கப்பட்டவர்' என்றும் எழுதுகிறேன். தானே தப்பி வந்தவருக்கும் விமானம் ஏற்றி அனுப்பப்பட்டவருக்கும் இது பொருந்தும். தலைப்புக்குக் கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. 'நாடு கடத்தல்' என்பதைத் திருப்பி அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். குற்றவாளி விஷயத்தில் 'ஒப்படைப்பு' போதும்.

வெய் ஜிங்ஷெங்குக்கு 1995-ல் விதித்த 14 ஆண்டு 2009-லேயே முடிந்துவிட்டது. சிகிச்சைக்கு என்று அனுப்பப்பட்டவர், எழுபது வயதைத் தாண்டியும் அமெரிக்காவில்தான் இருக்கிறார்.