பாலம் இறங்கும் இடம்

காவிரி டெல்டாவில் கிழக்கு மேற்காகப் போவது எளிது. தெற்கு வடக்காகப் போவதுதான் பெரும்பாடு. கல்லணையைத் தாண்டியதும் ஆறு கிளை கிளையாகப் பிரிகிறது. அந்தக் கிளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில் கடலைப் பார்த்து ஓடுகின்றன. கரையோரமாகவே சாலையும் போவதால் ஆற்றோடு போகிறவனுக்குத் தடையில்லை, குறுக்கே போகிறவன் பாலத்துக்குப் பாலம் நிற்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் பிரிப்பதும் காவிரிதான்.

எனவே ஒரு ஊருக்குப் புதுப் பாலம் வரப்போகிறது என்றால் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: இனி நெரிசல் இருக்காது. சில ஊர்களில் அப்படியே நடக்கிறது. சில ஊர்களில் திறப்பு விழா முடிந்து ஓரிரு வருடத்தில் பழைய கதை திரும்பிவிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குப் போக்குவரத்துப் பொறியியலில் தெளிவான விடை உண்டு. அதில் பெரும்பகுதி சாதாரணக் கூட்டல் கழித்தல்தான்.

முதலில் பாலத்தை ஏன் குறை சொல்கிறோம் என்று பார்ப்போம். 1956இல் ஃபோர்ட், ஃபுல்கர்சன் என்ற இரண்டு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் ஒரு தேற்றத்தை வெளியிட்டார்கள். ஒரு வலைப்பின்னலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதிகபட்சம் எவ்வளவு போக முடியும் என்பதை, இரண்டையும் பிரிக்கிற வெட்டுகளிலேயே மிகக் குறுகலானது தீர்மானிக்கும் என்பது அதன் சாரம். டெல்டாவில் அந்த வெட்டை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை, ஆறே வெட்டிக் காட்டுகிறது. தென்கரையில் ஐம்பது தெரு இருக்கலாம், வடகரையில் ஐம்பது தெரு இருக்கலாம், நடுவே இருப்பது ஒன்றோ இரண்டோ பாலம். ஆகவே பாலத்தின் மேல் பழி விழுவது இயல்புதான்.

ஆனால் பாலத்தின் மீது வண்டிகள் ஓடுகிற விதத்தைக் கவனித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. தடையில்லாத ஒரு தடத்தில் முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3,600 நொடி. ஆக ஒரு தடத்தில் மணிக்கு 1,800 கார்கள் போகலாம். போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று இருக்கிற பழைய பாலத்துக்கே ஒரு திசையில் இந்த அளவு திறன் உண்டு.

இனி பாலம் இறங்குகிற இடத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு சிக்னல். சிக்னலை நெருங்கும் சாலை எவ்வளவு அகலமோ அதை மீட்டரில் எடுத்து 525ஆல் பெருக்கினால், பச்சை விளக்கு முழு மணி நேரமும் எரிந்தால் எத்தனை கார்கள் கடக்கும் என்பது கிடைக்கும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூல்களில் உள்ள வாய்பாடு இது. ஏழு மீட்டர் அகலத்துக்கு 3,675. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு பக்கமும் வண்டி வருகிற முக்கில், பாலத்து வண்டிகளுக்கு 120 நொடியில் 40 நொடிதான் பச்சை கிடைக்கிறது என்றால் கணக்கு மூன்றில் ஒன்றாகி 1,225இல் வந்து நிற்கும்.

பழைய பாலம் தரக்கூடியது 1,800. சிக்னல் வாங்கக்கூடியது 1,225. இந்த நிலையில் பாலத்துக்கு இன்னொரு தடம் சேர்த்து 3,600 ஆக்கினாலும், மறுபக்கம் மணிக்கு வெளியேறப் போவது அதே 1,225தான். வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் மதகு விடுகிற தண்ணீர்தானே வயலுக்குப் போகும்!

அப்படியானால் புதுப் பாலத்தால் என்னதான் மாறும்? வரிசை நிற்கிற இடம் மாறும். முன்பு அக்கரையில் மூன்று நாலு தெருக்களில் பிரிந்து நின்ற வண்டிகள் இப்போது ஆற்றின் மேலே ஒன்றாக நிற்கும். ஒரு காருக்கும் அதன் முன் இடைவெளிக்கும் ஏழு மீட்டர் என்று கொண்டால், 500 மீட்டர் பாலத்தில் இரண்டு தடங்களிலுமாக சுமார் 140 கார்கள் நிற்கலாம். (பாலம் தாங்குமா என்று கவலைப்பட வேண்டாம். முழுக்க நிரம்பி நிற்கிற பாரத்தையும் சேர்த்தே வடிவமைக்கிறார்கள்.)

டெல்டாவில் இந்தச் சிக்கல் மற்ற இடங்களைவிடக் கூடுதல். காரணம் கரைச் சாலை. ஆற்றங்கரை மேட்டின் மீதே ஒரு சாலை போகும். அதை ஒட்டிக் கடைகள், படித்துறை, கோயில், வீடுகள். வெள்ளத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்பதற்காகப் பாலத்தை உயர்த்திக் கட்டுவார்கள். அது சரிந்து இறங்கி முடிகிற இடத்திலேயே கரைச் சாலை குறுக்கே வந்துவிடும். வண்டிகள் கொஞ்சம் ஓடி, பிரிந்து, தடம் மாறிக்கொள்ள இடமே இருக்காது. இரண்டு சாலைப் பயணிகளும் கூடுகிற இடம் என்பதால் டவுன் பஸ் நிறுத்தமும் அங்கேதான் இருக்கும். பஸ் நின்றால் ஷேர் ஆட்டோவும் நிற்கும், அப்புறம் டீக்கடை, பூக்கடை. நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு பஸ் நின்று ஆளேற்றினாலும் ஏழு மீட்டர் மூன்றரை மீட்டர் ஆகிறது, 1,225 பாதியாகிறது. பல கோடி ரூபாய்ப் பாலத்தின் திறனை ஒரு பஸ் நிறுத்தம் பாதியாக்கிவிடும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைத்து, பஸ் ஒதுங்கி நிற்கக் கொஞ்சம் இடம் விட்டால் ஆகிற செலவு பாலத்தின் செலவில் ஒரு துளிகூட இல்லை.

அகலப்படுத்துவதால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் சாலைகளில் கார் மட்டுமா ஓடுகிறது? பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றித்தான் எண்ணுவார்கள். ஊர்ப்புறச் சாலைக்கான கணக்கில் டூவீலர் அரைக் கார். பஸ்ஸும் லாரியும் மூன்று. டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரை. மாட்டுவண்டி எட்டு! சம்பா அறுவடை சமயத்தில் இரண்டு பக்கமும் பிதுங்கி வழிகிற வைக்கோல் பாரத்தோடு ஒரு டிராக்டர் குறுகிய பாலத்தில் ஏறுவதைப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 500 மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். பின்னால் வருகிறவருக்கு எதிர்ச்சாரியே தெரியாது, முந்த வழி இல்லை. நிமிடத்துக்கு 15 வண்டி வருகிற நேரமாக இருந்தால், டிராக்டர் இறங்கும்போது, அந்த இரண்டு நிமிடத்தில் ஏறிய முப்பதில் ஏறக்குறைய இருபது வண்டி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், மீதி இன்னும் பாலத்தில் வந்துகொண்டிருக்கும். அந்த இருபதும் மொத்தமாகச் சிக்னலில் வந்து விழும். டிராக்டருக்கு முன்னால் பாலம் காலியாக இருந்தபோது வீணாக எரிந்த பச்சை திரும்பக் கிடைக்காது. இரண்டாவது தடம் இந்த இடத்தில் உண்மையான உதவி. நெல் லாரியும் கரும்பு டிராக்டரும் கதிர் அறுக்கும் இயந்திரமும் போகிற டெல்டாவில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு பாலம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று திருச்சி பார்த்திருக்கிறது. திருச்சிப் பக்கத்துச் சிந்தாமணியையும் ஸ்ரீரங்கத்துப் பக்கத்து மாம்பழச்சாலையையும் இணைக்கிற காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. தூண்களின் மேல் தளத்தைத் தாங்குகிற பேரிங்குகளையும் தளங்களுக்கு இடையிலான இணைப்புகளையும் சரிசெய்ய 2022 செப்டம்பரில் அதில் போக்குவரத்தை நிறுத்தத் தொடங்கினார்கள். முதலில் பெரிய வண்டிகள், பிறகு டூவீலர்களும். 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்தது. அந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். இப்படிப்பட்ட சமயங்களில் மக்கள் பாதையை மட்டும் மாற்றுவதில்லை. அரை மணி முன்னதாகக் கிளம்புவார்கள், இரண்டு வேலையை ஒரே நடையில் முடிப்பார்கள், அவசரமில்லாததைத் தள்ளிப் போடுவார்கள். பிறகு, அந்தப் பாலத்தை ஒட்டியே நான்கு வழிப் புதிய பாலத்துக்கான வேலை தொடங்கியது.

பாலம் திறக்கும்போது இதே பழக்கங்கள் தலைகீழாக வேலை செய்யும். சுற்றிப் போனவர் நேர்வழிக்கு வருவார். கூட்டத்துக்குப் பயந்து காலை ஏழு மணிக்கே போனவர் ஒன்பது மணிக்குக் கிளம்புவார். டவுன் பஸ்ஸில் போனவர் டூவீலரை எடுப்பார். அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டௌன்ஸ் 1962இலேயே இதை எழுதிவிட்டார்: உச்ச நேர நெரிசல், சாலையின் முழுக் கொள்ளளவை எட்டும் வரை ஏறிக்கொண்டே போகும். அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டியது. நம்மூரில் இதற்கு இன்னொரு கட்டமும் உண்டு. அக்கரை வயல்களில் வண்ணக்கொடி நட்டு 'பாலத்திலிருந்து ஐந்தே நிமிடம்' என்று பிளாட் போட ஆரம்பிப்பார்கள். அங்கே குடி வருகிற ஒவ்வொரு வீட்டின் பள்ளி, ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் இக்கரையில்தான் இருக்கும்.

சரி, நெரிசல் பழைய அளவுக்கே திரும்பும், அவ்வளவுதானே? சில வேளைகளில் பாலம் வந்தபின் எல்லோருக்குமே பயண நேரம் கூடிவிடும் என்கிறது கணிதம். ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரேஸ் 1968இல் சொன்ன முரண் இது. டெல்டாவின் அமைப்புக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது.

மேற்கே ஒரு ஊர், கிழக்கே ஒரு ஊர். இடையில் ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு சாலை. இரண்டு ஊரிலும் ஆற்றைக் கடக்க வழி உண்டு. தென்கரைச் சாலையின் முதல் பாதி நெருக்கமான கடைத்தெரு, மறுபாதி அகலமானது ஆனால் சுற்று. வடகரையில் இதற்கு நேர்மாறு: முதலில் அகலமான சுற்று, கடைசியில் கடைத்தெரு. சுற்றுச் சாலையில் எத்தனை வண்டி போனாலும் 45 நிமிடம். கடைத்தெருவில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் எத்தனை நிமிடமோ அத்தனை. மொத்தம் 400 வண்டிகள். கரைக்கு 200 என்று பிரியும். ஆளுக்கு 20 + 45, ஆக 65 நிமிடம்.

இப்போது நட்டநடுவில் ஒரு பாலம் கட்டுகிறோம். கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்வோம். தென்கரைக் கடைத்தெருவில் போய், பாலம் ஏறி, வடகரைக் கடைத்தெருவில் இறங்கினால் 45 நிமிடச் சுற்று மிச்சம். எல்லோரும் அப்படியே யோசிப்பார்கள். 400 வண்டியும் இரண்டு கடைத்தெருவிலும் நுழையும்: 40 + 40, ஆக 80 நிமிடம். ஒருவர் மட்டும் புத்திசாலித்தனமாகப் பழைய வழிக்கே திரும்பலாம் என்றால் அவருக்கு 40 + 45, 85 நிமிடம். ஆகவே யாரும் திரும்ப மாட்டார்கள். ஒவ்வொருவரும் சரியாகவே முடிவெடுத்து, எல்லோரும் 15 நிமிடம் தாமதமாக வந்து சேர்கிறார்கள்.

இதே ஊரில் 100 வண்டிகள் மட்டும் ஓடினால்? பாலம் இல்லாமல் 50 நிமிடம், பாலத்தோடு வெறும் 20. அப்போது பாலம் பெரிய வரம். இந்தக் கணக்கில் 300 வண்டி வரை லாபம் அல்லது சமம், அதற்கு மேல் நஷ்டம். அதாவது சாதாரண செவ்வாய்க்கிழமை நன்மை செய்கிற பாலமே முகூர்த்த நாளில் கெடுதல் செய்யலாம். நிஜச் சாலைகள் இவ்வளவு சுத்தமான கணக்குக்குள் அடங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் திருவிழா நாட்களில் போலீஸார் ஏதோ ஒரு குறுக்கு வழியைத் தடுப்பு போட்டு அடைத்து நம்மைச் சுற்றிவிடும்போது திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சுற்றல் சில சமயம் எல்லோருக்கும் லாபம்.

உங்கள் ஊர்ப் பாலத்தில் எது தடை என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காலை ஒன்பது மணிக்குப் பாலம் இறங்குகிற சிக்னல் அருகே நின்று நாலைந்து பச்சைகளைக் கவனியுங்கள். பச்சை முடிந்து சிவப்பு விழும்போதும் பாலத்தில் வரிசை மிச்சம் இருந்தால் தடை சிக்னலில் இருக்கிறது. அங்கே கேட்க வேண்டியது முக்கை அகலப்படுத்துவது, பஸ் நிறுத்தத்தை நகர்த்துவது, கரைச் சாலையைப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோவது. பச்சை எரிந்துகொண்டே இருக்க, கடக்க வண்டியே வராமல் பாலத்தின் மறுமுனையில் ஹாரன் சத்தம் கேட்டால், தடை பாலத்திலேயே இருக்கிறது. அந்த ஊருக்குத்தான் புதுப் பாலம் தேவை.