பதினோரு வயது முகத்துக்கு ஏழு பாட்டில்

அந்தச் சிறுமி உட்காரும் முன்பே பையை என் மேசையில் கவிழ்த்தாள். டோனர், சீரம் இரண்டு, ஸ்க்ரப், ஏதோ ஒரு முகமூடி, இன்னும் இரண்டு என ஏழு பாட்டில்கள். எதை முதலில் போட வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று வரிசை மாறாமல் ஒப்பித்தாள். வயது பதினொன்று.

"பரு வந்துடுச்சு டாக்டர்" என்றார் அம்மா. நெற்றியிலும் மூக்கிலும் நாலைந்து சின்னப் பொரிகள்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தது கன்னத்தை. சிவந்து, மூக்கோரம் செதிலாக உரிந்திருந்தது. "முகம் கழுவினா எரியுதா?" என்று கேட்டேன். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்தானே?" என்றாள்.

இந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது. எரிச்சல் என்றால் தோல் புண்படுகிறது என்று அர்த்தம்.

பாட்டில்களின் பின்பக்கத்தைப் படித்தேன். ஒன்றில் ரெட்டினால், இன்னொன்றில் கிளைகாலிக் அமிலம், மூன்றில் வாசனைப் பொருள். வயதாக ஆக, மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் குறையும். அதைத் தூண்டிவிடத்தான் ரெட்டினால். பிள்ளைகளின் தோல் சுமார் 4 வாரத்துக்குள் தானாகவே புதுசாகிவிடுகிறது. ஓடுகிற குதிரையை எதற்கு அடிப்பது? கிளைகாலிக் அமிலம் மேலடுக்கை உரிப்பதோடு, வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்து எரியவும் வைக்கும். வாசனைப் பொருளால் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அது பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே வரும்.

சரி, இந்த வயதில் எதுவுமே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. ஏழெட்டு வயதிலேயே அட்ரினல் சுரப்பி விழித்துக்கொள்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்களால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மெல்ல வேலையைத் தொடங்குகின்றன. அதனால்தான் முதல் பொரிகள் நெற்றியிலும் மூக்கிலும் வருகின்றன. பழக்கத்தைத் தொடங்க இது நல்ல வயது. ஆனால் மூன்று பொருள் போதும்.

முதலாவது, வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ். தோலின் இயல்பான அமிலத்தன்மை பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி பெரும்பாலும் 9-க்கு மேல், அதாவது காரத்தன்மை. கழுவியதும் முகம் இழுத்துப் பிடிப்பது இதனால்தான். பட்டாணி அளவு எடுத்து, விரல் நுனியால் அரை நிமிடம் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதும். இரவில் கட்டாயம், விளையாடி வியர்த்து வந்தாலும் ஒருமுறை. காலையில் பல பிள்ளைகளுக்கு வெறும் தண்ணீரே போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறுமியை வாஷ்பேசினில் கழுவிக் காட்டச் சொன்னேன். பாத்திரம் துலக்குவது போல் தேய்த்தாள்!

இரண்டாவது, ஈரம் காயும் முன் மெல்லிய மாய்ஸ்சரைசர். எண்ணெய் வடிகிற முகத்துக்கு 'துளைகளை அடைக்காது' என்று அச்சிட்ட வகையைப் பாருங்கள். மூன்றாவது, பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். எரிச்சல்படும் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ளது ஒத்துப்போகும்.

பையன்களை யாரும் இதற்கெல்லாம் கூப்பிடுவதில்லை. ஹெல்மெட் பட்டை உரசும் தாடையிலும், தலை எண்ணெய் இறங்கும் நெற்றியிலும் அவர்களுக்கும்தான் பரு வருகிறது.

பருவின் மேல் பற்பசை வைப்பது, எலுமிச்சை தேய்ப்பது, கிள்ளுவது மூன்றும் வேண்டாம். அதைவிட எனக்குப் பயம், வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு கிரீமைப் பிள்ளைக்கும் தடவுவது. முதல் வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, நிறுத்தினால் சிவந்து, பருவும் கூடுதலாக வந்து நிற்கும்.

ஆழத்தில் வலிக்கும் கட்டிகள், தழும்பு விழுவது, ஏழு வயதுக்கு முன்பே பரு, பள்ளிக்குப் போகவே கூச்சப்படுவது: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பென்சாயில் பெராக்சைடு மாதிரி பருவுக்குப் பூசும் மருந்துகளைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம், குறைந்த அளவில். அது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்க வைக்கும். முன்கூட்டியே சொல்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் பெற்றோருக்கு. நீங்கள் பூசிவிடாதீர்கள். பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்திலேயே ஃபேஸ்வாஷை வையுங்கள், அவர்களே செய்யட்டும். ஒருநாள் மறந்தால் மறக்கட்டும். "முகம் என்ன இப்படி இருக்கு" என்று சாப்பிடும்போது கேட்காமல் இருப்பதும் சருமப் பராமரிப்பில் சேர்த்திதான்.

ஆறு வாரம் கழித்து அந்தச் சிறுமி வந்தாள். கன்னம் ஆறியிருந்தது, நெற்றியில் இரண்டு பொரி மிச்சம், அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. மற்ற பாட்டிலெல்லாம் எங்கே என்றேன்.

"ரெட்டினாலை அம்மா எடுத்துக்கிட்டாங்க."

அம்மா சிரித்தார். கர்ப்பமாக இல்லையே என்று மட்டும் கேட்டுக்கொண்டு, இரவில் மட்டும் போடச் சொன்னேன்.