"இதோ, இங்கே பாருங்கள்" என்றால் போதாது

இணையவழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பாடக் கோப்புகளையும் தேர்வுகளையும் எல்லா மாணவருக்கும் ஏற்றபடி அமைத்துக்கொடுப்பது என் வேலை. மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்."

நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அதன்பிறகு நடப்பதைப் பாருங்கள். மாணவர் கோப்பைத் திறக்கிறார். அதைப் படிக்க முடியவில்லை. மின்னஞ்சல் எழுதுகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். சரிசெய்த கோப்பு கைக்கு வருவதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரமும் இதே கதை. நாலாவது முறை கேட்க அவருக்கே கூச்சமாகிவிடும், கேட்பதை நிறுத்திவிடுவார். ஆசிரியரோ குறை ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். படிப்பை நடுவில் விட்டுப் போனவர்களிடம் பேசினால், பாடம் கடினம் என்று சொன்னவர்களைவிட, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று சொன்னவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பலரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமராவை அணைத்து வைத்திருக்கும் வகுப்பில் இன்னும் தெரியாது. ஆகவே "என் வகுப்பில் அப்படி யாரும் இல்லை" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், யாரும் அவரிடம் சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, எல்லா நிலைகளிலும் கல்வி பெறுவதை இவர்களுடைய உரிமை என்கிறது. உரிமை என்று ஆனபின், வாராவாரம் மனுப் போட்டு அதை வாங்கவேண்டிய நிலை எதற்கு?

தடங்கல்களில் பெரும்பகுதி வகுப்பு தொடங்கும் முன்பே கோப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், கோப்பில் உள்ள எழுத்துகளை எடுத்துப் பேச்சாக்கித் தரும். பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர் என்று உள்ளேயே இருக்கின்றன. கருவி இருக்கிறது, அதற்குத் தீனிதான் கிடைப்பதில்லை. புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் அது வெறும் படம். அதில் எழுத்தே இல்லை, மாணவருக்குக் கிடைப்பது மௌனம். படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் மென்பொருளில் ஓட்டி, பிழைதிருத்தித் தந்தால் அதே பக்கம் பேசத் தொடங்கிவிடும்.

தமிழில் பாடம் தருபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில விசைகளின் குறிகள். "அம்மா" என்ற சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கிறது. ஸ்கிரீன் ரீடரும் அதை அப்படித்தான் உளறும். பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த குறிப்புகளை, எல்லாக் கருவிகளுக்கும் தமிழாகவே புரியும் யூனிகோடு முறைக்கு மாற்றச் சொன்னால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும். போனஸாக, அந்தக் குறிப்புகளில் எதையும் தேடி எடுக்கவும் முடியும்.

நேரலை வகுப்பில் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: திரையைப் பகிரும்போது மாணவருக்குப் போவது வீடியோ. அதில் உள்ள எழுத்தை ஸ்கிரீன் ரீடரால் படிக்க முடியாது. அதனால்தான் ஸ்லைடுகளை முன்கூட்டியே கோப்பாக அனுப்பச் சொல்கிறோம். பேச்சிலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். "இதோ, இங்கே பாருங்கள், இது இதைவிட எவ்வளவு அதிகம்!" என்பதை "வரைபடத்தில் இரண்டாம் ஆண்டின் பட்டை முதல் ஆண்டைப்போல் இரு மடங்கு உயரம்" என்று சொல்லிவிட்டால் தனி உதவி எதுவும் தேவைப்படாது. இன்னொன்று, ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது சாட்டில் வரும் ஒவ்வொரு "வணக்கம் சார்", "ஓகே மேடம்" செய்தியையும் ஸ்கிரீன் ரீடர் அவர் குரலுக்கு மேலேயே படிக்கும். அதன் அமைப்பில் இதை நிறுத்தலாம் என்றாலும், வகுப்பு நடக்கும்போது சாட் கேள்விக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது எல்லோருக்குமே நல்லது.

காது கேளாத மாணவர் விஷயத்தில் "ஆட்டோ கேப்ஷன் போட்டுவிட்டோமே" என்று முடித்துவிடுகிறார்கள். கணினி தானாகத் தரும் எழுத்துவரி அன்றாடப் பேச்சில் ஓரளவு தேறும். கலைச்சொல், ஆள்பெயர், எண், சூத்திரம் என்று வந்ததும் தடுமாறும். பாடத்தில் முக்கியமானவை அவைதானே! பதிவுசெய்த பாடமென்றால் ஒருவர் உட்கார்ந்து திருத்தியே ஆகவேண்டும். நேரலையில் கலைச்சொற்களை முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் குறையும். வேறொரு நுட்பமும் உண்டு. கேட்கும் மாணவர் காதால் ஆசிரியரையும் கண்ணால் ஸ்லைடையும் பின்தொடர்கிறார். கேளாத மாணவருக்கு இரண்டு வேலையும் கண்ணுக்கே. புதிய படத்தைக் காட்டியதும் சில விநாடிகள் பேசாமல் இருங்கள், அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்துவரி இன்னொரு மொழியில் வருவதாகவே படும். சைகைமொழிகள் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம் உண்டு. ஒரு நாட்டுச் சைகை அடுத்த நாட்டில் புரிய வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவரைத் திரையில் நிலையாக வைத்து, பதிவிலும் அவர் தெரிகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேசுபவர் மாறும்போதெல்லாம் அவர் காணாமல் போகும் பதிவுகள் எத்தனையோ.

கை அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் சோதனை எளிது. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி போன்ற விசைகளை மட்டும் வைத்து உங்கள் பயிற்சித்தாளை ஒருமுறை முடித்துப் பாருங்கள். இழுத்துப் பொருத்தும் பயிற்சியில் மாட்டிக்கொள்வீர்கள். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் வழிகாட்டி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமலே செய்ய ஒரு வழி இருக்கவேண்டும் என்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கவேண்டும் என்று சொல்வதும் அதே வழிகாட்டிதான். "சிவப்பில் உள்ளவை தவறு, பச்சையில் உள்ளவை சரி" என்று நிறத்தை மட்டும் நம்பி எழுதுவதையும் விட்டுவிடுங்கள்.

கவனக்குறைபாடு, டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமம், ஆட்டிசம், மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்குத் தொழில்நுட்பத்தைவிட ஒழுங்கு பெரிது. பாடம் ஒரு தளத்தில், அறிவிப்பு வாட்ஸ்அப்பில், ஒப்படைப்பு மின்னஞ்சலில், தேர்வு வேறெங்கோ என்று சிதறிக் கிடந்தால் அதைத் தேடியே அவர்கள் களைத்துப்போவார்கள். எல்லாம் ஓரிடத்தில், வாரத்தில் ஒரே நாளில் என்று வைத்தாலே பெரிய நிம்மதி. டிஸ்லெக்ஸியாவுக்கென்று தனி எழுத்துரு வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆய்வுகள் அதை ஒரே குரலில் ஆதரிக்கவில்லை. வரிகளுக்கிடையே இடம், சிறு பத்திகள், வாசித்துக் காட்டும் வசதி ஆகியவற்றில் முதலில் கைவைப்பேன். கேமராவைப் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தையும் எடுத்துவிடுவேன்.

என் அனுபவத்தில் மிக மோசமான இடம் தேர்வுதான். மாதக்கணக்கில் சரியாகப் போன ஏற்பாடு அன்றைக்கு உடைந்துவிடும். கண்காணிப்பு மென்பொருள்கள் சில, கண் அலைந்தால், உதடு அசைந்தால், முகம் திரையை விட்டு விலகினால் சந்தேகக் குறி போடுகின்றன. கண்விழி தானாக ஆடும் நிலை உள்ளவர், நடுக்கம் உள்ளவர், கேள்வியை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும் என்பவர் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார்கள். வேறு சாளரம் எதுவும் திறக்கக்கூடாது என்று பூட்டும் மென்பொருள் ஸ்கிரீன் ரீடரையும் சேர்த்து முடக்கிவிடும் ஆபத்து உண்டு. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அதே கணினியில், அதே மென்பொருளில் ஒரு மாதிரித் தேர்வை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கூடுதல் நேரம் தர ஒப்புக்கொண்டிருந்தால் அதை முன்னரே பதிந்துவிடுங்கள். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டிக்கும் வசதி இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

தெரியாமல் இருப்பது முக்கியம். "நம் வகுப்பில் பார்வையற்ற மாணவர் இருப்பதால் எல்லோரும் ஒத்துழைக்கவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவது உதவி ஆகாது. தன்னைப் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அந்த மாணவர் முடிவு. வகுப்பு தொடங்கும் முன் தனியாகப் பேசி மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் கருவியில் படிக்கிறீர்கள், இதற்கு முன் எது உதவியது, எது தொல்லையாக இருந்தது. மருத்துவ விவரம் நமக்கு வேண்டியதில்லை. சில வாரம் கழித்து நீங்களாகவே மறுபடி கேளுங்கள். அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. பழைய கோப்புகள் மொத்தத்தையும் ஒரேயடியாகத் திருத்த யாராலும் முடியாது, நானும் யாரையும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. மதிப்பெண்ணோடு தொடர்புள்ளவை முதலில், அடுத்து வரும் இரண்டு வாரப் பாடம் பிறகு, மற்றவை மெல்ல மெல்ல. புதிதாகச் செய்யும் எதையும் முதல்முறையே சரியாகச் செய்துவிட்டால் பழையது தானாகவே குறைந்துகொண்டு வரும்.