ஏழைகளுக்கான வீடு ஏன் ஊருக்கு வெளியே முளைக்கிறது?

“சென்னையில் குடிசை மாற்று வாரிய வீடுகள் எல்லாம் ஏன் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர்க் கோடியிலேயே கட்டப்படுகின்றன? நகருக்குள் இடமே இல்லையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இடம் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது.

கொஞ்சம் பின்னணி. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டது, அதற்கான சட்டம் 1971-ல் வந்தது. ஆரம்பத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பம் அப்படி வந்ததுதான். 2000 வாக்கில் கண்ணகி நகர் எழுந்தது, 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். அது சென்ட்ரலிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம்.

இனி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மனையைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப் பரப்புக் குறியீடு, அதாவது எப்.எஸ்.ஐ., 2 என்றால் அதில் 87,120 சதுர அடி கட்டலாம். படிக்கட்டு, நடைபாதை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 500 சதுர அடி என்றால் 174 வீடுகள். நகருக்குள் சதுர அடி 12,000 ரூபாய் என்றால் ஏக்கர் 52 கோடி. ஆக, வீடு ஒன்றின் தலையில் நிலத்துக்கு மட்டும் 30 லட்சம் விழுகிறது. புறநகரில் சதுர அடி 1,200 என்றால் அதே வீட்டுக்கு 3 லட்சம். செங்கல், சிமென்ட், கம்பி, கூலி இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அரசு மானியத்தை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். 2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கூட்டு முயற்சியில் கட்டும் அடுக்குமாடி வீட்டுக்கு மத்திய அரசு தந்தது 1.5 லட்சம். மயிலாப்பூரில் கட்டினாலும் அதே தொகை, ஊர்க் கோடியில் கட்டினாலும் அதே தொகை! இடத்தைப் பார்க்காத மானியம், நிலம் மலிவாக இருக்கும் பக்கம் தானாகவே போய்ச் சேரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு திட்டமிட வேண்டியதே இல்லை. எந்த ஒரு வரியிலும் ‘ஊருக்கு வெளியே கட்டு’ என்று எழுதாமலேயே ஒரு கொள்கை நகரத்தின் வரைபடத்தை வரைந்துவிடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அரசுப் புறம்போக்கு கிடைத்துவிட்டால் நிலச் செலவுக் கட்டத்தில் பூஜ்யம் என்றே எழுதலாம். பரந்த புறம்போக்கு புறநகரில்தான் கிடைக்கும். 2005-ல் வந்த மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டம் 7 ஆண்டுக் கெடுவோடு வந்தது. கெடுவுக்குள் ஆயிரக்கணக்கில் வீடு கட்ட வேண்டுமென்றால், பத்துத் தெருக்களில் துண்டு துண்டாக இடம் தேடுவதைவிட ஒரே பெரிய நிலம் வசதி. பெரும்பாக்கம் அந்தத் திட்டத்தில் வந்ததுதான்.

அமெரிக்காவிலும் இதே சங்கதி உண்டு. அங்கே 1986 முதல் கட்டுநர்களுக்கு வரிச் சலுகை கொடுத்து ஏழைகளுக்கான வாடகை வீடுகளைக் கட்டவைக்கிறார்கள். சலுகையைக் கணக்கிடும்போது நிலத்தின் விலையைச் சேர்ப்பதில்லை. வறுமை மிகுந்த வட்டாரம் என்று அறிவிக்கப்பட்ட இடமானால், சலுகைக்கான அடிப்படைத் தொகையை 30 சதவீதம் வரை கூட்டிக் கணக்கிடலாம். நிலச் செலவு அதிகமான வட்டாரங்களுக்கும் அதே கூடுதலைத் தருவதால், மலிவான பக்கம் இழுக்கும் இழுப்பு ஓரளவு சமனாகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். அந்தக் கணக்குத் தாளில் நிலத்துக்கு ஒரு கட்டம் உண்டு, பஸ் கட்டணத்துக்குக் கிடையாது. மந்தைவெளியில் நாலு வீட்டில் வேலை செய்யும் பெண் பெரும்பாக்கத்துக்குப் போனால், காலை ஆறு மணி வேலையை விட்டுவிட வேண்டியதுதான். கூவம் கரையிலிருந்து 2017-ல் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியிருந்தது. இந்தச் செலவையெல்லாம் அந்தக் குடும்பங்களே சுமக்கின்றன. கோடிக்கணக்கில் கட்டடத்துக்குச் செலவிடும் அரசு, அதில் ஒரு சிறு பங்கையாவது ஒதுக்கி, குடியேறியவர்களின் வருமானத்தைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகளுக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளந்தால்தான் அந்தக் கட்டத்தைத் தாளில் சேர்க்க முடியும்.

கணக்கை மாற்றினால் இடமும் மாறும். எப்.எஸ்.ஐ.யை 2-லிருந்து 4 ஆக்கினால் நகருக்குள் வீட்டுக்கான நிலச் செலவு 30 லட்சத்திலிருந்து 15 லட்சமாகிறது. ஆனால் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது, குடிசைப் பகுதிச் சந்துகள் அங்கேதான் தோற்றுப்போகின்றன. வாரியத்தின் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அங்கேயே கட்டுவது இன்னொரு வழி. நிலம் ஏற்கெனவே வாரியத்துடையது என்பதால் அங்கும் நிலக் கட்டத்தில் பூஜ்யம்தான். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய இடத்திலேயே புது அடுக்குமாடி எழ முடிந்தது இதனால்தான். மூன்றாவது வழி சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) விதிகளிலேயே இருந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அடுக்குமாடி கட்டுபவர், 10 சதவீதப் பரப்பில் 45 சதுர மீட்டருக்கு மிகாத சிறு வீடுகளையும் கட்ட வேண்டும் என்றது அந்த விதி. அந்த மனையிலேயே கட்டலாம், இல்லையென்றால் அதிலிருந்து 2 கி.மீ. தூரத்துக்குள் கட்டலாம் என்றது. இந்த 2 கி.மீ. என்ற எல்லையை வாரியத்தின் மறுகுடியமர்த்தலுக்கும் சட்டமாக்க வேண்டும் என்பேன்.