கட்லாவா, ரோகுவா என்பதைவிட முக்கியமான ஒன்று

"மேடம், சுகர் இருக்கிறவங்களுக்கு கட்லா நல்லதா, ரோகு நல்லதா?"

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் கடல் மீன் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். கட்லா சூடு, ரோகு வாயு என்று ஆளுக்கொரு கதையும் கூடவே வரும். இரண்டுக்கும் சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 100 கிராம் சதையில் ஏறத்தாழ 17 முதல் 19 கிராம் புரதம், 1 முதல் 3 கிராம் கொழுப்பு. மீனின் வயது, தின்ற தீனி, நாம் வாங்கும் துண்டு ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். ஒமேகா-3க்காக மீன் சாப்பிடுகிறேன் என்பவர்களை நான் மத்தி, அயிலை பக்கம் அனுப்பிவிடுவேன். அந்த விஷயத்தில் இந்த இரண்டுமே அவற்றுக்குக் கீழேதான்.

இரண்டும் வடக்கே கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளில் வாழ்ந்த கெண்டை இனங்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்ற இரண்டு மீன் ஆய்வாளர்கள், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, குளத்தில் முட்டையிடாத கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். குஞ்சு தட்டில்லாமல் கிடைத்ததும் குளத்து வளர்ப்பு நாடெங்கும் பரவியது. இன்று நம் சந்தைக்கு ஆந்திராவிலிருந்து ஐஸ் போட்ட பெட்டிகளில் லாரி லாரியாக வருபவை பெரும்பாலும் இந்த இரண்டுதான். நம் அணைகளிலும் ஏரிகளிலும் குஞ்சு விட்டுப் பிடிக்கிறார்கள்.

கடையில் அடையாளம் காண வாயைப் பாருங்கள். கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் மீன் அது. ரோகு நடுமட்டத்து மீன். உடல் சற்று நீளம், செதிலில் லேசான செம்மை, தடித்த உதடு, கீழ்நோக்கிய வாய். கட்லாவில் எடையில் கணிசமான பங்கு தலைக்கே போய்விடும் என்பதால், தலைக்கறி சாப்பிடாத வீட்டுக்கு ரோகுதான் லாபம். தலையைச் சப்பிச் சாப்பிடும் வீட்டில் இந்த யோசனையைச் சொன்னால் அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம்.

முள் பற்றிய பயம் நியாயமானது. இரண்டிலுமே சதைக்குள் ஒய் வடிவ நுண்முட்கள் உண்டு. வால் பக்கம் தொல்லை அதிகம். குழந்தைக்கோ வயதானவருக்கோ கொடுப்பதாக இருந்தால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீனில் வயிற்றுத் துண்டைக் கேளுங்கள். அங்கே இருப்பது பெரிய விலா முள், கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். அரைக் கிலோ மீன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் முள் பொறுக்கியே சோறு ஆறிவிடும்.

சரி, இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன்.

மீனின் வயிற்றைக் கிழித்ததும் ஈரலோடு ஒட்டிக்கொண்டு கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பை தெரியும். அதுதான் பித்தப்பை. சுகர் குறையும், மூட்டுவலி போகும், ஆஸ்துமா தீரும், கண் தெளியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைப் பச்சையாக விழுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் சிறுநீரகப் பிரிவில் படுத்திருந்த ஒரு பெரியவரிடம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தபோது, அவர் மனைவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மீனோட கசப்பை முழுங்கினாரும்மா, சக்கரைக்கு நல்லதுன்னாங்க." ரோகு மீன், பெரிய சைஸ்.

ரோகு, கட்லா, புல்கெண்டை என்று கெண்டைக் குடும்பத்து மீன்களின் பித்தத்தில் சைப்ரினால் சல்பேட் என்ற நச்சு இருக்கிறது. விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. பலர் இதை ஃபுட் பாய்சன் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வயிறு சரியானதும் ஆபத்து போய்விட்டதாகத் தோன்றும். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறையத் தொடங்கும், முகம் வீங்கும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும், ஈரலும் பாதிக்கப்படலாம். டயாலிசிஸ் வரை போனவர்கள் பற்றி மேற்கு வங்கம் உள்ளிட்ட பல இடங்களிலிருந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நேரத்தோடு வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. உயிரிழந்தவர்களும் உண்டு.

வேகவைத்தால் விஷம் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது, சூட்டுக்கு அது அசையாது. சாராயத்தில் போட்டுக் குடிப்பதும் உதவாது. மீன் பெரிதாக இருந்தால் பையும் பெரிது, நச்சும் அதிகம். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கக்கூடும் என்பதால், இந்த வைத்தியத்தை அதிகம் தேடிப்போகிறவர்களுக்கே இது அதிகம் கெடுதல்.

வெட்டித் தருபவரிடம் கசப்பை உடைக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். கைப்பழக்கம் உள்ளவர்கள் ஈரலோடு சேர்த்து இழுத்துவிடுவார்கள். வீட்டில் அறுக்கும்போது பை உடைந்து சதையில் பச்சை படிந்தால், அந்த இடத்தை அறுத்து எறிந்துவிட்டு மீதியை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். யாராவது விழுங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே சிறுநீரக மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய், என்ன மீன், எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் காரணம் தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.