ரியல் எஸ்டேட்: இதில் ‘ரியல்’ எது?

ரியல் எஸ்டேட்டை ‘உண்மைச் சொத்து’ என்று யாராவது மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும். அப்படியானால் பீரோவில் இருக்கும் நகை பொய்ச் சொத்தா?

இந்த ‘ரியல்’, பொருள் என்று அர்த்தம் தரும் ‘ரேஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. பழைய இங்கிலாந்தில் நிலத்தைப் பறிகொடுத்தவர் வழக்குப் போட்டால் அந்த நிலமே திரும்பக் கிடைக்கும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் நஷ்டஈடுதான். பொருளையே மீட்கலாம் என்பதால் நிலம் ‘ரியல்’ ஆனது. ஸ்பானிய மொழியில் ‘ரியல்’ என்றால் அரசருக்குரியது, அதிலிருந்து வந்தது என்பது வெறும் கதை. ‘எஸ்டேட்’ லத்தீன் ‘ஸ்டேட்டஸ்’, அதாவது நிலை. நமக்கோ எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டம்தான் ஞாபகம் வரும்.

நம் பழைய பத்திரங்களில் இதற்கு அருமையான சொல் உண்டு: ‘ஸ்தாவர ஜங்கம சொத்துகள்’. ஸ்தாவரம் நிற்பது, ஜங்கமம் நகர்வது. செடிகொடிக்குத் தாவரம் என்று பெயர் வந்ததும் நின்ற இடத்தில் நிற்பதால்தான்.

இந்த வித்தியாசத்தை அமெரிக்காவின் டெல் வெப் கதையில் கண்கூடாகப் பார்க்கலாம். தச்சு வேலை செய்தவர், பேஸ்பால் ஆடியவர். டைபாய்டு வந்து ஆட்டம் போச்சு. அப்புறம் பீனிக்ஸ் நகருக்குப் போய்க் கட்டுமானத்தில் பெரிய ஆளானார். 1945-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியை 28 லட்சம் டாலருக்கு வாங்கினார். 1953-ல் அவரும் கூட்டாளி டான் டாப்பிங்கும் அணியின் மைதானமான யாங்கி ஸ்டேடியத்தை ஆர்னால்ட் ஜான்சன் என்பவருக்கு விற்றார்கள். ஜான்சன் அடிமனையை மட்டும் ஒரு கத்தோலிக்கச் சங்கத்துக்கு விற்றார். மண் ஒருவருக்கு, மைதானக் கட்டடம் ஒருவருக்கு, அணி வெப்புக்கும் டாப்பிங்குக்கும்! ஸ்தாவரம் கைமாறியது, ஜங்கமம் வாடகைக்கு அங்கேயே ஆடியது. 1960 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் வெப் திறந்த சன் சிட்டி, ஓய்வுபெற்றோருக்கென்றே கட்டிய ஊர்.

சரி, தமிழில்? சட்டத்துக்கு ‘அசையாச் சொத்து’ போதும். தொழிலுக்கு ‘மனை வணிகம்’ பொருந்தும். வெப் போன்றவரை ‘ரியல் எஸ்டேட் அதிபர்’ என்கிறோமே, அந்த ‘அதிபரை’ இதோடு சேர்ப்பதில்தான் எனக்குத் தயக்கம். ‘மனை வணிக அதிபர்’ என்று எழுதினால், பள்ளித் தலைமையாசிரியரை அதிபர் என்றழைக்கும் யாழ்ப்பாணத்து வாசகர் ஒரு நொடி திகைப்பார். ‘பெருவணிகர்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.