பிரிண்ட் எடுத்த தாளில் யார் விட்ட மூச்சு?

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் வாசகி ஒருவர், ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்காக எடுத்த பிரிண்ட்டைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். அவர்கள் ஆய்வகத்தில் தயாரித்த ஆஸ்பிரினின் அகச்சிவப்பு நிறமாலை. அலை எண் (செ.மீ.⁻¹) 1750-ஐ ஒட்டி ஒன்று, 1690-ஐ ஒட்டி ஒன்று என இரண்டு கார்போனைல் (C=O பிணைப்பு) பள்ளங்களும் ஒழுங்காக விழுந்திருக்கின்றன. அவர் கேட்டது வேறு. "எல்லாம் கீழே இறங்குது சார், 2350 கிட்ட மட்டும் ரெண்டு கொம்பு மேலே நிக்குது. வைவாவுல கேட்டா என்ன சொல்றது?"

"பேக்ரவுண்ட் ஓட்டும்போது நாலு பேர் மூடியைத் திறந்துவைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களா?" என்று பதில் போட்டேன். "எப்படி சார் தெரியும்?" என்று வந்தது.

பிணைப்புகள் அதிரும், அந்தந்த அதிர்வுக்கு ஏற்ற அகச்சிவப்பை விழுங்கும், இடப்பக்கம் 4000-இல் தொடங்கி வலப்பக்கம் 400-இல் முடியும் அலை எண் அச்சு, நெட்டுக்குத்து அச்சில் கடந்துவந்த ஒளியின் சதவீதம் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பிரிண்ட்டில் தெரியும் அந்த வளைகோட்டைக் கருவி ஒருபோதும் பார்க்கவில்லை என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இந்த நிறமாலையை எடுக்கும் எஃப்.டி.ஐ.ஆர். (ஃபூரியே உருமாற்ற அகச்சிவப்பு) கருவிக்குள் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் பட்டகம் கிடையாது. இயற்பியலாளர் மைக்கல்சன் 1880-களில் பயன்படுத்திய அதே ஏற்பாடுதான்: கதிரை இரண்டாக உடைக்கும் ஒரு பீம் ஸ்ப்ளிட்டர், அசையாத கண்ணாடி ஒன்று, முன்னும் பின்னும் நகரும் கண்ணாடி ஒன்று. இரண்டு கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி மறுபடி ஒன்றுசேர்கிறது. வெவ்வேறு நீளக் கயிற்றில் தொங்கும் நூறு ஊஞ்சல்களை ஒரே நேரத்தில் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கணத்தில் எல்லாம் ஒன்றாக வரும்; பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அப்படித்தான் இங்கேயும். இரு பாதைகளும் சமமாக இருக்கும் இடத்தில் எல்லா அலைகளும் கைகோத்து ஓர் உச்சியை எழுப்புகின்றன. கண்ணாடி சற்றே நகர்ந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, இருபுறமும் நடுங்கும் ஒரு வால் மட்டும் மிஞ்சுகிறது. டிடெக்டருக்குத் தெரிந்தது இவ்வளவே.

இந்த நடுக்கத்திலிருந்து நிறமாலையை எடுப்பதுதான் எனக்கு இன்றும் சலிக்காத வித்தை. '1750 இதில் இருக்கிறதா?' என்று கேட்கவேண்டுமா? 1750-க்கு உரிய கொசைன் அலையை எடுத்து, பதிவான ஒவ்வொரு புள்ளியோடும் பெருக்கி, மொத்தத்தையும் கூட்டுங்கள். அந்த அலை உள்ளே இருந்தால் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தி, கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போகும். இல்லையென்றால் கூட்டலும் கழித்தலும் அடிபட்டுப் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றுவிடும். அடுத்து 1748, அடுத்து 1746... ஃபூரியே உருமாற்றம் என்று மிரட்டுகிறார்களே, அது இதுதான்.

கண்ணாடி எங்கே நிற்கிறது என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? பல கருவிகளில் ஒரு ஹீலியம்-நியான் லேசரும் அதே வழியில் போய்வருகிறது. பாதை வித்தியாசம் 632.8 நானோமீட்டர் கூடும்போதெல்லாம் லேசர் ஒருமுறை மின்னி மங்கும், அதுவே அளவுகோல். 4 செ.மீ.⁻¹ பிரிதிறனுக்கு (அவ்வளவு நெருங்கிய கோடுகளையும் பிரித்துக் காட்டும் திறன்)ப் பாதை வித்தியாசம் கால் சென்டிமீட்டர் போதும். கண்ணாடி நகர்வது அதில் பாதிதான். மின்னலுக்கு ஒன்று என்று எடுத்தால் சுமார் 4,000 புள்ளிகள். நான் சொன்னபடி மொத்தமாகப் பெருக்கினால் 1.6 கோடி பெருக்கல் ஆகும். கணிதவியலாளர்கள் கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட குறுக்குவழியில் அது சுமார் ஐம்பதாயிரத்துக்கு இறங்கிவிடுகிறது.

இனி கொம்புக்கு வருவோம். கருவியில் மாதிரி வைக்கும் அறை காலியாக ஒருமுறை (இதுதான் பேக்ரவுண்ட்), மாதிரி வில்லையோடு ஒருமுறை என்று இரண்டு தடவை ஓட்டி, இரண்டாவதை முதலாவதால் வகுத்துத்தான் மென்பொருள் அச்சடிக்கிறது. வெளிக்காற்றில் கார்பன் டைஆக்சைடு 0.04 சதவீதம், நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், நூறு மடங்கு. பேக்ரவுண்டில் மூச்சு அதிகம், வில்லை ஓட்டும்போது கூட்டம் கலைந்து மூச்சு குறைவு என்றால், சிறிய எண்ணால் வகுத்த அந்த இடம் மட்டும் மேலே எழும்பும். மாறாக நடந்திருந்தால் பள்ளமாக விழுந்திருக்கும்.

(நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஆயுத பூஜையன்று கருவிக்குப் பொட்டு வைத்து, பக்கத்திலேயே சூடம் கொளுத்தினார்கள். அதுவும் கார்பன் டைஆக்சைடுதான், போகட்டும். உள்ளே நிறம் மாறிக் கிடந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்ற மட்டும் 'ஃபண்ட் வரலை'. அந்த பீம் ஸ்ப்ளிட்டர் பொட்டாசியம் புரோமைடால் ஆனது. ஈரம் பட்டால் மங்கிப்போகும். லட்சக்கணக்கில் கொடுத்துக் கருவி வாங்கப் பணம் தருகிறவர்கள், அதைப் பராமரிக்கச் சில ஆயிரம் தர ஏன் அழுகிறார்களோ.)

ஏன் இரட்டைக் கொம்பு? கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு அதிர்ந்துகொண்டே சுழலவும் செய்கிறது. 2349-இல் உள்ள இந்த அதிர்வைத் தூண்டும் ஒளியை விழுங்கினால், சுழற்சி ஒரு படி ஏறியாகவேண்டும் அல்லது இறங்கியாகவேண்டும். இருந்த படியிலேயே இருக்க அனுமதி இல்லை. அதனால் நடுவே பள்ளம், 2360 பக்கம் ஒரு கொம்பு, 2340 பக்கம் இன்னொன்று. ஒவ்வொரு கொம்பும் சுமார் 1.5 செ.மீ.⁻¹ இடைவெளியில் நிற்கும் பல கோடுகளின் கூட்டம். 4 பிரிதிறனில் அவை ஒட்டிப்போய்விடுகின்றன.

ரெக்கார்டுக்கு வேண்டியது, தனியாகப் போய் மூடியை மூடி, சில நிமிடம் பொறுத்து எடுத்த புது பேக்ரவுண்ட். எடுத்த பின் ஆசைக்கு ஒன்று செய்யலாம். பிரிதிறனை 0.5-க்கு மாற்றி, காலி அறைக்குள் மெல்ல ஊதிவிட்டு ஓட்டுங்கள். ஆனால் அப்படியே பிரிண்ட் கொடுத்துவிடாதீர்கள். 4000 முதல் 400 வரை படுக்கவைத்த ஏ4 தாளின் அகலத்தில் அடைத்தால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் இடம். பிரிண்டரின் மை அதை மூடிவிடும். 2400 முதல் 2300 வரை மட்டும் ஜூம் செய்து கொடுங்கள். இப்போது கோட்டுக்குக் கோடு ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர். தாள் வெளியே வரும்போது, உங்கள் மூச்சு சீப்புப் பல் பல்லாகத் தெரியும்.